சுரைக்குடுக்கைக் கோப்பை, உறிஞ்சுகுழல், இலை: நெல்லைப் பக்கம் தொழில் தொடங்குகிறவர்களுக்கு

வள்ளியூர்க்காரர்:
யெர்பா மாத்தே பராகுவே, அர்ஜென்டினா, உருகுவே பக்கத்துப் பானம். காய்ந்த குடுக்கையில் மாத்தே இலையைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, நுனியில் வடிகட்டி உள்ள குழலால் உறிஞ்சுவாங்க. அந்தக் கோப்பையையும் குழலையும் நம்ம ஊரில் செய்து, நம்ம தேயிலையோடு விற்கிறதுதான் இந்தத் தொழில். ஆனால் அந்தக் கோப்பைக்கான காய் நம்ம சுரைதான், கிணற்றில் நீச்சல் பழக இடுப்பில் கட்டுகிற அதே குடுக்கை. கறிக்கு விற்கிற நீளச் சுரை ஆகாது, ஓடு மெலிசு. உருண்டை ரகம் போடுங்க. காம்பு காய்கிறவரை கொடியிலேயே கிடக்கட்டும். நாலு விரல் காம்போடு அறுத்து, நிழலில் வலைமேல் பரப்பி அடிக்கடி புரட்டணும். தோலில் பூஞ்சை படர்ந்தால் பயப்பட வேண்டாம், சுரண்டினால் போயிரும். அமுக்கும்போது உள்வாங்குகிற காயைத் தூக்கிப் போடுங்க. ஆட்டினால் விதை குலுங்கணும். ஆடிக்காற்றில் பணகுடிப் பக்கம் காய்கிற மாதிரி, சாரல் விழுகிற கடையத்தில் காயாது. அங்கே விளைந்தாலும் இங்கே கொண்டுவந்து காயப்போடுவதுதான் லாபம்.

அம்பாசமுத்திரத்துக்காரர்:
அண்ணாச்சி கசப்பை விட்டுட்டீங்க. சில சுரையில் குக்கர்பிடசின் என்கிற கசப்பு நஞ்சு ஏறியிருக்கும். வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுவிடும். ஆக்ஸா பிளேடால் வாயை அறுக்கும்போது முகக்கவசம் கட்டாயம். விதையையும் பஞ்சையும் கரண்டியால் வழித்தெடுத்து, கொதிநீர் ஊற்றி ராத்திரி முழுக்க வையுங்க. காலையில் கொட்டி, சுரண்டி, மறுபடியும் கொதிநீர். ஊறிய தண்ணீரை நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்துத் துப்பிருங்க. கசப்பு அற்ற பிறகுதான் தேயிலைச் சக்கை போட்டு ஒருநாள் பழக்கணும். மூணு தரம் ஊறியும் கசந்தால் அது பேனா வைக்கத்தான் ஆகும். உள்ளே வார்னிஷ் கூடவே கூடாது. வெளியே தேன்மெழுகு தேய்த்தால் போதும். வாங்குகிறவர் சக்கையை உள்ளேயே விட்டுவைத்தால் பூஞ்சை பிடிக்கும். "குடித்ததும் கழுவிச் சாய்த்துக் காயவையுங்கள்" என்று ஒரு சீட்டு கட்டாயம் வையுங்க.

பாளையங்கோட்டைக்காரர்:
இவ்வளவு பொறுமை இல்லாதவங்க சிரட்டையில் தொடங்கலாம். கண் இல்லாத பாதிதான் வேணும், மற்றதில் கண் வழியே கசியும். 80, 120, 220 என்று உப்புத்தாளை வரிசையாகப் போட்டுத் தேய்க்கணும். நிற்க வைக்க, இன்னொரு சிரட்டையில் வளையம் அறுத்து அடியில் ஒட்டுங்க. பசை உள்பக்கம் வரவே கூடாது.

சேரன்மகாதேவிக்காரர்:
மாத்தே இலை இறக்குமதிதான், விலை கட்டாது. ஆர்த்தடாக்ஸ் பச்சைத் தேயிலை, அதாவது தூளாக்காமல் இலையாகவே உருட்டிக் காயவைத்தது, சரியாக வரும். டீக்கடை டஸ்ட் வேண்டவே வேண்டாம், வடிகட்டித் துளை 1 மி.மீ. இருந்தாலும் அடைத்துக்கொள்ளும். மாத்தேயைக் குடுக்கையில் பாதிக்கு மேல் நிரப்புவார்கள். அதைப் பார்த்துத் தேயிலையையும் அள்ளிப் போட்டால் வாயில் வைக்க முடியாது. 150 மி.லி.க்கு 3 கிராம் போதும்.

தெர்மாமீட்டர் இல்லையா? கொதிநீர் 2 தம்ளர், பானைத் தண்ணீர் 1 தம்ளர் கலந்தால் 75 டிகிரியை ஒட்டி வரும். இலைக்கு அந்தச் சூடு சரி, தொண்டைக்கு அதிகம். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களைப் புற்றுநோய்க்கு வாய்ப்புள்ளவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியது. குழலில் உறிஞ்சும்போது நாம் டீயை ஆற்றுகிற மாதிரி ஆற்ற முடியாது. கொஞ்ச நேரம் பொறுத்துக் குடிக்கச் சொல்லுங்க. குழல் 304 என்கிற துருப்பிடிக்காத ஸ்டீலில், வடிகட்டி கழற்றுகிற மாதிரி இருக்கணும். பற்றவைத்து மூடிய குழலுக்குள் பிரஷ் போகாது.

தேயிலைக்குப் பதில் ஆவாரம்பூ, சுக்குக் கலவை விற்றால் லேபிளில் "டீ" என்று போடாதீங்க. உணவுப் பாதுகாப்பு விதிப்படி அந்தப் பெயர் தேயிலைச் செடிக்கு மட்டும்தான். "சர்க்கரை குணமாகும்" என்று போட்டாலும் மாட்டிக்கொள்வீங்க. ஓலைக் கொட்டான் பார்க்க அழகு, ஆனால் ஈரம் உள்ளே போகும். இலையைத் தகர டப்பாவில் அடைத்து, அந்த டப்பாவைக் கொட்டானுக்குள் வையுங்க.