மண்டப முன்பணம் 60,000: வக்கீல் வைக்கணுமா, நானே போகலாமா?

குகைக்காரன்:
தங்கச்சி கல்யாணத்துக்காக சேலத்தில் ஒரு மண்டபத்துக்கு 60,000 ரூபாய் முன்பணம் கட்டினோம். மாப்பிள்ளை வீட்டில் துக்கம் ஆகி, தேதி தள்ளிப்போனது. நாலு மாதம் முன்பே சொல்லிவிட்டோம். மண்டபக்காரர் அதே தேதியை வேறு பார்ட்டிக்கு விட்டுக் காசும் பார்த்துவிட்டார். எங்கள் பணத்தை மட்டும் தர மாட்டாராம். ரோஸ் கலர் ரசீதில், தொகையை எழுதிய இடத்தின் மேலேயே, "முன்பணம் திருப்பித் தரப்பட மாட்டாது" என்று ஊதா மையில் கோணலாக ஒரு சீல் இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்றால், "வக்கீல் நோட்டீஸ் விடாமல் போனால் மனுவைக் கையில்கூட வாங்க மாட்டான்" என்கிறார் பெரியப்பா. வக்கீல் வைப்பதா, வேண்டாமா?

கொலுசுக்காரன்:
இந்தக் "கையில்கூட வாங்க மாட்டான்" பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 35. யார் புகார் கொடுக்கலாம், எப்படிக் கொடுக்கலாம் என்று அதில்தான் இருக்கிறது. முதலில் நோட்டீஸ் விட வேண்டும் என்று அதில் எங்கே இருக்கிறது? கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம்கூடக் கிடையாது. என் இன்வெர்ட்டர் கேஸில் நானேதான் எழுதினேன், நானேதான் நின்று பேசினேன், ஜெயித்தேன். பெரியப்பாவிடம் சொல்லுங்க.

கருப்புக்கோட்டு:
ஒரு இன்வெர்ட்டர் கேஸ் ஜெயித்த நாளிலிருந்து அண்ணனைக் கையில் பிடிக்க முடியவில்லை. நோட்டீஸ் இல்லாமல் போனால் எதிர்த்தரப்பு முதல் வாய்தாவிலேயே, "எங்களிடம் கேட்கவே இல்லையே, கேட்டிருந்தால் கொடுத்திருப்போமே" என்று பதிலுரை போடும். நோட்டீஸ் அவசியம். நடைமுறை தெரியாதவர்கள் வழி சொல்ல வேண்டாம்.

கொலுசுக்காரன்:
"அவசியம்" என்றால் எந்தப் பிரிவு? எண்ணைப் போடுங்க.

கருப்புக்கோட்டு:
அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட வேண்டுமா? உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80, இரண்டு மாத நோட்டீஸ். செக் திரும்பியதா? மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138, அதற்கும் நோட்டீஸ். எங்கே போனாலும் நோட்டீஸ்தான் முதல் படி.

கொலுசுக்காரன்:
மண்டபக்காரர் அரசாங்கமா? இல்லை, செக் கொடுத்து ஏமாற்றினாரா? அந்த 138இலும் பணம் வரவேண்டியவர் எழுத்தில் கேட்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. கோட்டுப் போட்டவர்தான் கேட்க வேண்டும் என்று இல்லை. நான் கேட்டது 2019 சட்டத்தில் எந்தப் பிரிவு. இன்னும் வரவில்லை.

ஏற்காட்டு மிளகு:
கட்டணம் இல்லை, சரி. ஒவ்வொரு வாய்தாவுக்கும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறுகிறவனுக்கு வக்கீல்தான் மலிவு. ஒருநாள் வேலை போகும், பஸ் காசு போகும், கடைசியில் "அடுத்த மாதம் வாங்க" என்பார்கள். கீழே இருப்பவர்களுக்கு இது புரியாது.

கொலுசுக்காரன்:
மனுவை ஆன்லைனிலேயே போடலாம். பிரிவு 38இல் விண்ணப்பம் கொடுத்தால் காணொலியில் விசாரிக்கவும் வழி இருக்கிறது. மலையில் உட்கார்ந்தே பேசுங்க.

ஏற்காட்டு மிளகு:
நாகலூர் பக்கம் மழை தூறினாலே டவர் போய்விடும். இதில் காணொலியாம்! தட்டுவடை செட்டுக்குப் பூண்டுச் சட்னி வேண்டாம் என்று போன மாதம் இங்கே சண்டை போட்டவர்தானே நீங்கள்? உங்கள் பேச்சை நம்பி எப்படி கேஸ் போடுவது?

கொலுசுக்காரன்:
பூண்டுச் சட்னி வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை, மூன்று சட்னியும் குழைந்துவிடக் கூடாது என்றுதான் சொன்னேன். அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்?

அம்மாபேட்டைத் தறி:
தம்பி, ரசீது யார் பெயரில்? தங்கச்சி பெயரில் இருந்தால் வக்கீலுக்குக் காசே தர வேண்டாம். 1987 சட்டப்பணிகள் சட்டம், பிரிவு 12: பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுத்தால் போதும்.

குகைக்காரன்:
தங்கச்சி பெயரில்தான் அண்ணா. நன்றி, இது யாருமே சொல்லவில்லை.

கொலுசுக்காரன்:
இலவச வக்கீலும் வக்கீல்தான். பிரிவு எண் இன்னும் வரவில்லை என்பதை எல்லோரும் கவனிக்கவும்.

கருப்புக்கோட்டு:
எண்தானே வேண்டும்? 47. அந்த ஊதா சீலைப் பார்த்த ஆத்திரத்தில் "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று மனுவில் எழுதினால் அது மாவட்ட ஆணையத்தின் வேலை இல்லை, மாநில ஆணையத்துக்குப் போ என்பார்கள். 60,000 ரூபாய்க்கு சென்னைக்கு நடக்க வேண்டும். தானே எழுதுகிறவருக்கு இது தெரியுமா?

கொலுசுக்காரன்:
"சேவைக் குறைபாடு" என்று எழுதினால் வேலை முடிந்தது. சரி, 47இல் நோட்டீஸ் எங்கே வருகிறது? பேச்சை மாற்றுகிறார், பாருங்க.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 60,000 ரூபாய் கேஸுக்கு வக்கீல் எவ்வளவு கேட்பார் என்று இவர் வாயே திறக்கவில்லை. "ஜெயித்தால் இத்தனை சதவீதம்" என்று பேசுவது பார் கவுன்சில் விதிப்படியே கூடாது, ஆனாலும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பாகப்பிரிவினை வழக்கில் ஒருவர் முழு ஃபீஸையும் வாங்கிக்கொண்டு, வாய்தாவுக்கு ஜூனியரை அனுப்பி, அந்தப் பையன் கேஸ் கட்டைத் திறக்கவே இல்லை. அவர் மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? முடியாது. வக்கீல் சேவை அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மண்டபக்காரர் ஏமாற்றினால் கேட்க இடம் இருக்கிறது, வக்கீல் ஏமாற்றினால் அந்த இடம் இல்லை. அப்புறம் பிரிவு 69: புகாருக்கு இரண்டு வருஷம்தான் கெடு. நோட்டீஸ் விட்டுவிட்டுப் பதிலுக்காக உட்கார்ந்திருந்தால் கெடு நிற்காது, ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

கருப்புக்கோட்டு:
அந்தத் தீர்ப்பைப் படித்தீர்களா, தலைப்பை மட்டும் பார்த்தீர்களா? வக்கீல் தொழில் வியாபாரம் இல்லை, கட்சிக்காரர் சொல்படி நடக்கிற சேவை என்று காரணம் சொல்லியிருக்கிறார்கள். ஏமாற்றினால் பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். உங்கள் பாகப்பிரிவினைக் கோபத்தை ஏன் தம்பியின் தலையில் இறக்குகிறீர்கள்? ஆர்டர் வாங்குவது ஒரு வேலை, பணத்தை வாங்குவது வேறு வேலை. நிறைவேற்று மனு என்று ஒன்று இருக்கிறது.

கொலுசுக்காரன்:
பிரிவு 72. ஆர்டரை மதிக்காவிட்டால் ஒரு மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். நான் எண்ணோடு பேசுகிறேன். நீங்கள்?

குகைக்காரன்:
அப்போ நானே ஒரு கடிதம் எழுதி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டு, பதினைந்து நாள் பார்த்துவிட்டு மனுப் போடட்டுமா?

கருப்புக்கோட்டு:
அதுதான் நோட்டீஸ்! முதலிலிருந்து நான் சொன்னது அதைத்தான்.

கொலுசுக்காரன்:
அடேங்கப்பா. இவ்வளவு நேரம் கோட்டைத் தட்டிவிட்டுப் பேசிவிட்டு இப்போது தம்பியின் கடிதத்தில் ஏறி உட்காருகிறார். கடிதம் அனுப்புவது புத்திசாலித்தனம், யார் இல்லை என்றது? கட்டாயமா என்பதுதான் கேள்வி.

கருப்புக்கோட்டு:
"வக்கீல் நோட்டீஸ்" என்று நான் எந்த இடத்தில் எழுதினேன்? மேலே போய்ப் பாருங்க.

கொலுசுக்காரன்:
"அவசியம்" என்று எழுதினீர்களே, அதற்கு எண்?

ஏற்காட்டு மிளகு:
ரிஜிஸ்டர் தபால் எங்கே இருக்கிறது? 2025லேயே அதை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். இதுகூடத் தெரியாமல் இத்தனை பேர் வழி சொல்கிறீர்கள்.

கொலுசுக்காரன்:
பெயர் எதுவாக இருந்தால் என்ன? மண்டபக்காரர் கையெழுத்துப் போட்டு வாங்கினாரா இல்லையா என்பதற்குத் தபால்காரர் அத்தாட்சி தருவாரா? அதைச் சொல்லுங்க, மலையிலிருந்து சட்டம் பேசுகிறவரே.