ஜான் ஹோப் ஃபிராங்க்ளின்: வழக்குக்கு உதவியவரை வரலாற்றாசிரியர் என்று நம்பலாமா?

வைகைக்கரை:
ஃபிராங்க்ளினின் தன்வரலாற்றைப் போன வாரம்தான் படித்து முடித்தேன். 1915இல் ஓக்லஹோமாவில் ரென்டிஸ்வில் என்கிற சின்ன ஊரில் பிறந்து, ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கி, 1947இல் கறுப்பின அமெரிக்கர்களின் வரலாற்றை ஒரே நூலாக எழுதி, 2009இல் 94 வயதில் மறைந்தவர். பெரிய மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 1953இல் அவர் செய்த ஒரு காரியம் உறுத்துகிறது. பள்ளிகளில் கறுப்புப் பிள்ளைகளைப் பிரித்து வைப்பதை எதிர்த்த பிரவுன் வழக்கில், கறுப்புப் பிள்ளைகள் தரப்புக்கு வாதாடிய தர்குட் மார்ஷலின் வக்கீல் குழுவுக்கு வரலாற்றுத் தரவு தேடிக் கொடுத்தார். வாராவாரம் வாஷிங்டனிலிருந்து நியூயார்க் போய் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார். வழக்கு நியாயமானதுதான். நியாயமான வழக்குக்காகவும் சான்றை வளைக்க முடியும் இல்லையா? வழக்கில் ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டவரின் எழுத்தை நான் எப்படி நம்புவது?

கரிசல்:
கட்சியில் சேர்ந்தார் என்கிறீர்கள். சேராமல் இருக்க அவருக்கு யார் இடம் கொடுத்தார்கள்? 1939இல் ஆய்வேட்டுக்காக வட கரோலினாவில் ராலே நகரத்து அரசு ஆவணக் காப்பகத்துக்குப் போகிறார். அங்கே இயக்குநர் சொன்ன பதில், இந்தக் கட்டடத்தைக் கட்டியபோது ஒரு கறுப்பர் இங்கே ஆராய்ச்சிக்கு வருவார் என்று யாரும் நினைக்கவில்லை என்பது. சில நாள் கழித்து வரச்சொல்லித் தனியாக ஒரு அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். வெள்ளை ஊழியர்கள் அவருக்குக் கட்டு எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கக் கூடாது என்பதற்காக, சுவடிகள் இருக்கும் பகுதியின் சாவியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். படிக்க உட்கார ஒரு நாற்காலி கிடைப்பதே இனச் சட்டத்தைத் தாண்டித்தான் என்று இருந்தவரிடம் போய், நீ ஏன் நடுவில் நிற்கவில்லை என்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வைகைக்கரை:
அவர் பட்ட அவமானத்தை நான் மறுக்கவே இல்லை நண்பரே. பட்ட கஷ்டம் ஒருவர் சொல்வதற்குச் சான்று ஆகாது, அதைத்தான் சொல்கிறேன். அதே குழுவில் வேலை செய்த அரசியல் சட்ட வரலாற்றாசிரியர் ஆல்ஃபிரட் கெல்லி, முழு உண்மையைத் தேடுவது அப்போது எங்கள் வேலையாக இருக்கவில்லை என்கிற பொருளில் பிற்பாடு தானே வெளிப்படையாகப் பேசினார். அவ்வளவு உழைத்தும், பள்ளிப் பிரிவினை செல்லாது என்று வந்த 1954 மே 17 தீர்ப்பில்கூட தலைமை நீதிபதி வாரன் என்ன எழுதினார்? வரலாற்றுச் சான்றுகளை வைத்து உறுதியாக ஒரு முடிவுக்கு வர முடியவில்லை என்று. சரி, அப்புறம் அந்த உழைப்பால் யாருக்கு லாபம்? வழக்குக்கும் தீர்மானமாக உதவவில்லை, வரலாற்றாசிரியர் என்ற பெயரிலும் ஒரு கேள்வி விழுந்தது.

காகிதக்கட்டு:
நான் வக்கீல் தொழிலில் இருப்பவன், அதனால் இதில் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். நீதிமன்றம் கேட்டது மிகக் குறுகலான கேள்வி. 1860களில், எல்லாருக்கும் சமமான சட்டப் பாதுகாப்பு என்று அமெரிக்க அரசியல் சட்டத்தில் பதினான்காவது திருத்தத்தைக் கொண்டுவந்தவர்கள் பள்ளிப் பிரிவினையை ஒழிக்க நினைத்தார்களா? இதில் மார்ஷல் தரப்புக்குப் பெரிய சங்கடம் இருந்தது, ஏனென்றால் அந்தத் திருத்தத்தை நிறைவேற்றிய அதே காங்கிரஸின், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின், கண்முன்னே வாஷிங்டனில் தனித்தனிப் பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. கெல்லி பேசியது இந்த இடத்தில் செய்த பூசிமெழுகலைப் பற்றி. ஃபிராங்க்ளின் முக்கியமாகப் பார்த்தது வேறு பகுதி. திருத்தம் வந்த பிறகு தென்மாநிலங்கள் அதை எப்படியெல்லாம் தட்டிக்கழித்துப் பிரிவினையைச் சட்டமாகவே ஆக்கின என்பது. அந்தச் சட்டங்கள் அச்சில் இருக்கின்றன, அவற்றை யார் எடுத்து வைத்தாலும் அதேதான் இருக்கும். வாரன் போதாது என்று தள்ளியது திருத்தம் கொண்டுவந்தவர்களின் நோக்கத்தைப் பற்றிய சான்றை. கெல்லியின் பாவத்தை இவர் தலையில் கட்டாதீர்கள்.

வைகைக்கரை:
இந்த வேறுபாடு நியாயமானது, நான் இரண்டையும் குழப்பிவிட்டேன். ஆனாலும் கேள்வி போகவில்லை. 1965இல் கறுப்பர் வாக்குரிமைக்காக அலபாமாவின் செல்மாவிலிருந்து போன ஊர்வலத்திலும் மற்ற வரலாற்றாசிரியர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டார். இப்படித் தெருவில் இறங்கியவரின் நூலை மாணவனிடம் கொடுக்கும்போது, இவர் இந்தப் பக்கத்து ஆள் என்று சொல்லித்தானே கொடுக்க வேண்டும்?

பழைய வாத்தியார்:
தாராளமாகச் சொல்லிக் கொடுங்கள் தம்பி. அப்படியே அடிமை முறையைக் கனிவான ஏற்பாடு என்று எழுதி, பல்கலைக்கழகங்களில் பல தலைமுறை பாடம் நடத்திய வெள்ளைப் பேராசிரியர்களின் நூலைக் கொடுக்கும்போதும் சொல்ல வேண்டும். அவர்கள் ஊர்வலம் போகாததாலேயே அவர்களை நடுநிலை என்று எடுத்துக்கொண்டார்கள். முப்பத்தைந்து வருடம் வகுப்பில் நின்றவன் சொல்கிறேன், ஊர்வலத்தில் நடந்தாரா என்று பார்க்காதீர்கள், அடிக்குறிப்பைத் திறந்து பாருங்கள்.

கரிசல்:
ஐயா சொன்னதோடு இன்னொன்று. 1960களின் இறுதியில் இவரைத் திட்டியது பழமைவாதிகள் மட்டுமில்லை, இளைய கறுப்பின அறிஞர்களில் பலருக்கு இவர் மிதவாதி. கறுப்பர் வரலாறு என்று தனியாக வேலி போடுவதை இவர் ஏற்கவில்லை, அது அமெரிக்க வரலாற்றின் உள்ளேயே இருக்க வேண்டியது என்று நின்றார். கட்சிக்காக எழுதுகிறவர் என்றால் அந்த நேரத்தில் கைதட்டல் எந்தப் பக்கம் இருந்ததோ அங்கே போயிருப்பார். எனக்குத் தோன்றுவது, இதெல்லாம் அப்பாவிடமிருந்து வந்தது. 1921இல் ஓக்லஹோமாவின் டல்சா நகரத்தில் வெள்ளைக் கும்பல் கறுப்பர் குடியிருப்பை எரித்தபோது வக்கீலான அப்பா அங்கேதான் இருந்தார், ரென்டிஸ்வில்லில் இருந்த குடும்பத்துக்கு அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே சில நாள் தெரியவில்லை. பிறகு ஒரு கூடாரத்தில் அலுவலகம் போட்டு, எரிந்த இடத்தில் வீடு கட்டவிடாமல் நகராட்சி கொண்டுவந்த விதியை எதிர்த்து வழக்காடி ஜெயித்தார். அந்த வீட்டில் ஆறு வயதில் இதைப் பார்த்த பையனுக்குச் சட்டப் புத்தகமும் காகிதமும் எவ்வளவு பெரிய ஆயுதம் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

வைகைக்கரை:
கூடாரத்து அலுவலகம் எனக்கும் மறக்காது. சரி, என் நிலையைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். 1947 நூலை நான் நம்புகிறேன். வழக்குக்காக எழுதிய தாள்களை வரலாறாக அல்ல, வழக்கின் ஒரு பகுதியாகவே படிப்பேன். இதற்கு மேல் என்னால் இறங்கிவர முடியாது.

காகிதக்கட்டு:
எனக்கு அது போதும். வக்கீல் எழுத்தை அப்படித்தான் படிக்க வேண்டும்.

மண்வாசம்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். கரிசல், அந்த ராலே சாவி கடைசியில் என்ன ஆனது?

கரிசல்:
இரண்டே வாரம்தான். அங்கே ஆராய்ச்சி செய்த வெள்ளையர்கள், எங்களுக்கு இல்லாத சலுகை இவருக்கு மட்டும் எப்படி, இது பாரபட்சம், எங்களுக்கும் சாவி வேண்டும் என்று புகார் செய்தார்கள். இயக்குநர் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மற்றவர்களுக்குப் போலவே இவருக்கும் கட்டுகளை எடுத்துக் கொடுக்கும்படி ஊழியர்களுக்கு உத்தரவு போட்டார். அங்கே திரட்டியதை வைத்துத்தான் வட கரோலினாவின் சுதந்திரக் கறுப்பர்களைப் பற்றிய அவருடைய முதல் நூல் 1943இல் வந்தது.