பாட்டுக்குப் பாட்டு இடைவெளி இல்லாமல் ஆல்பம்: 588 தேவையா?

மொட்டைமாடி:
"முதல் பாட்டுக்கு ஃபேட் அவுட் (மெல்லத் தேய்வது), அடுத்ததுக்கு ஃபேட் இன் (மெல்ல எழுவது), இடைவெளியே தெரியாது" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஆல்பம் முழுவதையும் ஒரே ப்ராஜெக்ட்டில் வரிசையாக வையுங்கள். முதல் பாட்டின் ரிவெர்ப் வால், அதாவது பாட்டு நின்ற பிறகும் நீளும் எதிரொலி, அடுத்த பாட்டின் மேல் விழட்டும். மாஸ்டரிங் (கடைசி ஒலிச் சீரமைப்பு) முடித்த பிறகு வெட்டுங்கள். வெட்டும் இடம் 588 சாம்பிளின் (டிஜிட்டல் ஒலியின் மிகச்சிறு துண்டு) மடங்காக இருக்கட்டும்.

சும்மாஒருத்தன்:
அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். 588 எதற்கு? இப்போது யார் சிடி எழுதுகிறார்கள்?

மொட்டைமாடி:
நான் எழுதுகிறேன். சிடியில் நொடிக்கு 75 ஃபிரேம், ஃபிரேமுக்கு 588 சாம்பிள். மடங்காக வராவிட்டால் மிச்ச இடத்தை மென்பொருள் மௌனத்தால் நிரப்பும். தொடர்ந்து ஒலிக்கும் தம்புராவுக்கு நடுவே 'டிக்' என்று கேட்கும். காது உள்ளவர்களுக்கு.

ஒலிப்புழு:
நான் 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிளில் பதிவு செய்கிறவன். அந்தக் கணக்கில் 640 வரும், 588 இல்லை.

மொட்டைமாடி:
சிடிக்கு 44.1 கிலோஹெர்ட்ஸ்தான். மாற்றிவிட்டு வெட்டுங்கள். 588.

சும்மாஒருத்தன்:
நான் எம்பி3 ஆகத்தான் தருகிறேன் ஐயா.

மொட்டைமாடி:
அது இன்னும் மோசம். அங்கே ஃபிரேமுக்கு 1152 சாம்பிள். எம்பி3 ஆக்கும் என்கோடர் முன்னும் பின்னும் மௌனத்தைச் சேர்க்கும். எவ்வளவு சேர்த்தது என்று லேம் என்கிற என்கோடர் அந்தக் கோப்பிலேயே குறித்து வைக்கும். அதைப் படிக்கிற பிளேயர் சரியாக வெட்டிவிடும், படிக்காததில் பாட்டு விக்கும். தரம் இழக்காத ஃபிளாக் கோப்பில் இந்தத் தொல்லை கிடையாது.

சும்மாஒருத்தன்:
ஆக எம்பி3க்கும் 588 உதவாது, ஃபிளாக்குக்கும் வேண்டாம். நீங்களே சொல்லிவிட்டீர்கள், நன்றி.

மொட்டைமாடி:
நான் எங்கே அப்படிச் சொன்னேன்? நாளைக்கு யாராவது சிடி கேட்டால் மறுபடியும் முதலிலிருந்து வெட்டுவீர்களா?

ராகமாலை:
சுருதியைப் பற்றி யாராவது பேசுவீர்களா? ஒரு பாட்டு சி-யில் முடிந்து அடுத்தது சி ஷார்ப்பில் தொடங்கினால் எந்த மடங்கும் காப்பாற்றாது.

மொட்டைமாடி:
அதற்குத் தனி இழை தொடங்குங்கள். மோனோ (இடம், வலம் ஒலியை ஒன்றாக்குவது) விவாதத்திலும் இப்படித்தான் குறுக்கே வந்தீர்கள்.

ராகமாலை:
மோனோவில் போட்டால் உங்கள் கிட்டார் காணாமல் போகிறது என்றேன். இன்னும் வந்து சேரவில்லை.

மொட்டைமாடி:
அது வேண்டுமென்றே வைத்த ஸ்டீரியோ அகலம். மிக்ஸிங் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

சும்மாஒருத்தன்:
அகலம் 588 மடங்கா?

ஒலிப்புழு:
640.

மொட்டைமாடி:
44.1-க்கு 588. எத்தனை தடவை சொல்வது?