யூகேல முதல் குளிர்காலமா? ஹீட்டிங், சமையல் பில் பத்தி கொஞ்சம்

செப்டம்பர்ல வந்து இறங்கினவங்களுக்கு அக்டோபர் கடைசியில கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வைக்கும்போதுதான் குளிர் உறைக்க ஆரம்பிக்கும், உடனே கடைக்குப் போய் ஒரு குட்டி ஃபேன் ஹீட்டர் வாங்கிட்டு வந்துடுவாங்க. தயவுசெஞ்சு அதை நம்பி இருக்காதீங்க. 2 கிலோவாட் ஹீட்டர் நிக்காம ஒரு மணி நேரம் ஓடினா 2 யூனிட், யூனிட் 25 பென்ஸ்னு வச்சா ராத்திரி 8 மணி நேரத்துக்கு 4 பவுண்ட், ஒரு மாசத்துக்கு 120 பவுண்ட், அதுவும் ஒரே ஒரு ரூமுக்கு! காஸ் யூனிட் விலை அதுல கால்வாசி பக்கம்தான், அதனால வீட்ல காஸ் பாய்லர் இருந்தா அதையே சரியா செட் பண்ணுங்க.

காம்பி பாய்லரா (தனியா டேங்க் இல்லாம குழாய்த் தண்ணி, ரேடியேட்டர் ரெண்டையும் ஒரே பாய்லர் சூடாக்குற வகை) இருந்தா முன்னாடி ரெண்டு செட்டிங் இருக்கும், ஒண்ணுல குழாய் படம், இன்னொண்ணுல ரேடியேட்டர் படம். ரேடியேட்டர் படம் போட்டது பெரும்பாலும் 75, 80 டிகிரியில கிடக்கும், அதை 60க்கு இறக்குங்க. ரேடியேட்டர்ல இருந்து திரும்பி வர்ற தண்ணி 55 டிகிரிக்குக் கீழ இருந்தாத்தான் பாய்லர் புகையில போற நீராவியைக் குளிர வச்சு அந்த சூட்டையும் திரும்ப எடுத்துக்கும், இல்லேன்னா அது அப்படியே வெளிய போயிடும். ரேடியேட்டர் தொட்டா முன்ன மாதிரி சுடாது, ரூம் சூடாக கொஞ்சம் லேட்டாகும், ஆனா தெர்மோஸ்டாட்ல வச்ச 19 வந்துரும். தனியா சுடுதண்ணி டேங்க் இருக்கிற வீட்ல மட்டும் இதைப் பண்ணாதீங்க, டேங்க் தண்ணி 60ல இருக்கணும், இல்லேன்னா லீஜனெல்லா கிருமி வளரும்.

ஆஃப்ஜெம் (கரண்ட், காஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துற அமைப்பு) வைக்கிற பிரைஸ் கேப், அதாவது விலை உச்சவரம்புன்னு கேள்விப்பட்டு பில்லே அதுக்கு மேல வராதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. கேப் யூனிட் விலைக்கும் தினசரி ஸ்டாண்டிங் சார்ஜுக்கும் (எரிச்சாலும் எரிக்காட்டாலும் கட்டுற கட்டணம்) தான், எவ்வளவு எரிக்கிறீங்களோ அவ்வளவு கட்டணும். உங்க கணக்கு எங்க ஆரம்பிக்குதுன்னு காட்ட, வீட்டுச் சாவி வாங்கின அன்னிக்கே மீட்டரை போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

சமையல்ல நம்ம குக்கர் மாதிரி ஒரு பொருள் கிடையாது. கொண்டைக்கடலையை ராத்திரியே ஊறப் போட்டு, முதல் விசில் வந்ததும் சிம்ல வச்சுடுங்க, அடுத்தடுத்த விசில் எல்லாம் வீணா போற ஆவிதான், ஸ்டீம் தானா அடங்குற வரைக்கும் உள்ள வெந்துட்டேதான் இருக்கும். கீழ பருப்பு, மேல அடுக்குல சாதம்னு ஒரே குக்கர்ல முடிச்சிடலாம். மாவு புளிக்கலைன்னு ராத்திரி பூரா ஹீட்டிங் ஓட விடாதீங்க, அரைக்கும்போதே வெதுவெதுப்பான தண்ணி விட்டு, பாத்திரத்தை ஆஃப் பண்ணின ஓவனுக்குள்ள வச்சு பக்கத்துல ஒரு கிண்ணம் சுடுதண்ணி வைங்க, நேரம் கூட ஆனாலும் பொங்கிடும்.

சூடு போயிடும்னு ஜன்னலை அடைச்சுட்டு உள்ளேயே சமைச்சு உள்ளேயே துணி காயப் போட்டா ஜனவரிக்குள்ள சுவரெல்லாம் கருப்பா பூஞ்சை பிடிக்கும், அதனால எக்ஸ்ட்ராக்டர் ஃபேன் (ஈரக் காத்தை வெளிய தள்ளுறது) போடுங்க, பத்து நிமிஷம் ஜன்னலைத் திறங்க. குளிருக்காக காஸ் அடுப்பை எரிய விட்டு உட்காரவே கூடாது, கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்னுடும். கைக்குழந்தையோ வயசான அம்மா அப்பாவோ இருந்தா ரூமை 18 டிகிரிக்குக் கீழ இறக்காதீங்க, அங்க மிச்சம் பிடிக்க வேணாம்.

பாய்லர்ல எந்த செட்டிங்னு புரியலைன்னா மாடல் பேர் போடுங்க, பார்த்து சொல்றேன்.