‘மறுக்கிறேன்’ அழுத்திய பிறகும் விழுந்த குக்கிகள்: உங்கள் அனுபவம் என்ன?

கோத்தகிரியிலிருந்து:

ஹோம்ஸ்டேக்களுக்கும் தேயிலைக் கடைகளுக்கும் இணையதளம் செய்து கொடுப்பது என் தொழில். போன ஐப்பசியில் மழை மூன்று நாளாக விடாமல் பிடித்துக்கொண்டிருந்தபோது, ஹோம்ஸ்டே வைத்திருக்கும் ஒரு அண்ணன் போன் செய்தார். “தம்பி, இங்க தங்கியிருக்கிற ஜெர்மன்காரரு நம்ம வெப்சைட்ல ஏதோ தப்பு இருக்குங்கறாரு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்.”

போனேன். சாப்பாட்டு மேசையில் அவர் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தார். கோபமெல்லாம் இல்லை. இன்காக்னிட்டோ ஜன்னலில் தளத்தைத் திறந்து, குக்கிக்கு (தளம் நம் பிரவுசரில் போட்டுவைக்கும் சிறு தகவல் கோப்பு) அனுமதி கேட்கும் பேனரில் ‘மறுக்கிறேன்’ என்பதை அழுத்தினார். எஃப்12 தட்டி பிரவுசரின் டெவலப்பர் கருவியைத் திறந்து, அப்ளிகேஷன் பகுதியில் குக்கிப் பட்டியலைக் காட்டினார். தளத்துக்கு வருபவர்களை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸின் ‘_ஜிஏ’ குக்கி அங்கே இருந்தது. அது கேட்கும் ஆயுள் இரண்டு வருடம், குரோம் 400 நாளில் வெட்டிவிடும். அதற்குக் கீழே, விளம்பரத்துக்காக வருபவர்களைப் பின்தொடரும் ஃபேஸ்புக் பிக்சலின் ‘_எஃப்பிபி’, 90 நாள். “வேண்டாம் என்றுதானே சொன்னேன்?” என்று மட்டும் கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அந்த பேனரைப் போட்டது நான்தான். “வெளிநாட்டுக்காரங்க வந்தாலும் பிரச்சனை இல்லண்ணா” என்று சொல்லிக் காசு வாங்கியதும் நான்தான். தளத்தில் ஜெர்மன் மொழிப் பக்கமும் யூரோ விலையும் வைத்திருக்கிறோம். 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் நம் மலைக்குப் பொருந்தாது என்று தட்டிக்கழிக்க முடியாது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். நம் வீட்டில் தங்கிச் சாப்பிடுகிற மனிதரிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு, அவர் சொன்ன பதிலைக் காதில் வாங்காமல் விட்டிருக்கிறோம். அதுதான் எனக்கு உறுத்தியது.

அன்று ராத்திரியே தோண்டினேன். அதே எஃப்12 கருவியின் நெட்வொர்க் பகுதியில் ‘கலெக்ட்’ என்று தேடினால் அனலிட்டிக்ஸுக்குப் போகும் கோரிக்கைகள் வரும். அதில் ஒப்புதல் நிலையைக் காட்டும் ‘ஜிசிஎஸ்’ என்ற மதிப்பைப் பாருங்கள். ஜி111 என்றால் விளம்பரம், அனலிட்டிக்ஸ் இரண்டுக்கும் ஒப்புதல் உண்டு என்று அர்த்தம். ஜி100 என்றால் இரண்டுக்கும் இல்லை. மறுத்த பிறகும் எனக்கு ஜி111தான் வந்தது. பேனரின் செட்டிங்கில் ஆரம்ப நிலை ‘அனுமதி’ என்று இருந்தது, மறுப்புப் பொத்தானோ, அனலிட்டிக்ஸ் போன்றவற்றின் நிரல் துண்டுகளை (டேக்) தளத்தில் ஏற்றும் கூகுளின் டேக் மேனேஜரோடு இணைக்கப்படவே இல்லை. பொத்தானை அழுத்தினால் பேனர் மறையும், அவ்வளவுதான்.

ஃபேஸ்புக் பிக்சல் வேறு கதை. எனக்கு முன்னால் வேலை செய்தவர் அதைத் தளத்தின் வடிவமைப்பான தீமின் ஹெட்டர் கோப்பிலேயே நேரடியாக ஒட்டியிருந்தார். டேக் மேனேஜருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதை எடுத்து டேக் மேனேஜருக்குள் கொண்டுவந்தேன்.

இரண்டையும் சரிசெய்து, கோயம்புத்தூரில் நண்பர் ஆபீஸில் உட்கார்ந்து பத்து தடவை சோதித்தேன். சுத்தமாக இருந்தது. நிம்மதியாக மலை ஏறிவிட்டேன்.

மறுநாள் மூடுபனி. சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது. மொபைல் டேட்டாவில் சும்மா ஒருமுறை திறந்து பார்த்தேன். பேனர் வருவதற்கு முன்பே ‘_ஜிஏ’ வந்துவிட்டது! நான் எதையும் அழுத்தவே இல்லை. கோயம்புத்தூரில் வராத தப்பு இங்கே எப்படி வந்தது? ‘ஆரம்பத்தில் மறுப்பு’ என்கிற கட்டளை பேனரின் ஸ்கிரிப்டுக்குள் இருந்தது. அந்த ஸ்கிரிப்ட் வேறொரு சர்வரிலிருந்து வர வேண்டும். வேகமான நெட்டில் அது முந்திக்கொள்கிறது. மலை நெட்டில் டேக் மேனேஜர் முந்திவிடுகிறது. தடுக்க யாரும் இல்லாததால் டேக் பாட்டுக்கு ஓடிவிடுகிறது. அந்தக் கட்டளையைப் பக்கத்தின் தலைப்பகுதியிலேயே, டேக் மேனேஜர் வரிக்கு மேலே, நேரடியாக எழுதிய பிறகுதான் தீர்ந்தது.

சமவெளியில் இருப்பவர்கள் நெட்வொர்க் பகுதியில் வேகத்தை 3ஜி ஆக்கிச் சோதியுங்கள். எதையும் அழுத்தாமல் ஒருமுறை, மறுத்து ஒருமுறை, ஏற்று ஒருமுறை. ஒவ்வொன்றுக்கும் புது இன்காக்னிட்டோ ஜன்னல். பக்கம் மாறினாலும் பட்டியல் அழியாமல் வைக்கும் ‘ப்ரிசர்வ் லாக்’ போட்டுக்கொண்டு, முகப்போடு நிறுத்தாமல் இரண்டு மூன்று பக்கம் போய்ப் பாருங்கள். ஜி100 வந்தாலும் கோரிக்கை போவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒப்புதலுக்கு ஏற்ப டேக்குகளை நடக்கவைக்கும் கூகுளின் கன்சென்ட் மோடின் அட்வான்ஸ்டு முறையில் குக்கி இல்லாமல் ஒரு தகவல் போகும். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. ஒப்புதல் வரும்வரை டேக்கே ஏறாத பேசிக் முறைக்கு மாற்றிவிட்டேன்.

கொடைக்கானலிலிருந்து:

நல்ல பதிவு அண்ணா. நான் மாட்டியது இன்னொரு இடத்தில். முதலில் ஏற்றுக்கொண்டு அப்புறம் மனம் மாறுபவரை நான் சோதிக்கவே இல்லை. ஒரு வாடிக்கையாளர் கேட்டபோதுதான் பார்த்தேன், ஒப்புதலை மாற்றுவதற்கு ஒரு இணைப்புகூடத் தளத்தில் இல்லை. நம் நாட்டின் 2023 தனிநபர் தரவுச் சட்டமே, ஒப்புதல் தருவது எவ்வளவு சுலபமோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது. அடிப்பகுதியில் இணைப்பு வைத்தேன். அப்போதும் பழைய ‘_ஜிஏ’ போகவில்லை. ஒப்புதலைத் திரும்பப் பெற்றால் புதிதாக எழுதுவதுதான் நிற்கும், ஏற்கனவே விழுந்த குக்கியை நாம்தான் அழிக்க வேண்டும்.

இன்னொன்று, பக்கத்தில் பதித்த யூடியூப் வீடியோ. அது டேக் மேனேஜர் வழியாக வருவதில்லை, பேனர் சொல்வதையும் கேட்காது. நான் ஒரு படத்தை மட்டும் காட்டி, தொட்டால்தான் வீடியோ ஏறும்படி வைத்திருக்கிறேன்.

குன்னூரிலிருந்து:

சரிசெய்த மாதம் கடைக்காரரிடம் பேசத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. “என்ன தம்பி, ஆளுங்க வர்றது இப்படிக் கொறஞ்சு போச்சு?” என்றார். தேயிலை ஆர்டர் கணக்கை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன், அது குறையவில்லை. ஆட்கள் வருகிறார்கள், வேண்டாம் என்றவர்களை நாம் எண்ணுவதில்லை என்று விளக்கினேன். வேலையைத் தொடங்குமுன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

கோத்தகிரியிலிருந்து:

கொடைக்கானல் தம்பி சொன்னதும் இப்போதுதான் போய்ப் பார்த்தேன். அறைகள் பக்கத்தில் கோடநாடு காட்சிமுனை வீடியோ ஒன்று இருக்கிறது. ‘மறுக்கிறேன்’ அழுத்திவிட்டுத் திறந்தால், தொடாமலேயே யூடியூப்புக்குக் கோரிக்கை போகிறது. இன்றைக்கே மாற்றுகிறேன்.