மூலைக்கு அனுப்புவது தண்டனைதானா? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

வேம்பு:
சிறப்புக் கல்வி வகுப்பில் உதவியாளராக இருந்தேன். கணக்குத் தாளை வைத்தால் போதும், அந்தப் பையன் மேசையில் தலையை முட்டிக்கொள்வான். உடனே ஆசிரியை மூலைக்கு அனுப்பிவிடுவார். ஒருநாள் தாள் வந்தது, ஒரே முட்டு, யாரும் வாய் திறப்பதற்குள் அவனாகவே எழுந்து மூலைக்கு நடந்தான். அந்த நடை இன்னும் கண்ணை விட்டு அகலவில்லை. கணக்கிலிருந்து தப்பிக்க அதுதான் வழி என்று அவன் கற்றிருந்தான். பிறகு வந்த நடத்தைப் பகுப்பாய்வாளர், ஓய்வு வேண்டுமென்றால் ஓர் அட்டையை நீட்டப் பழக்கினார். முட்டுவது குறைந்தது.

தூரிகை:
எங்கள் வீட்டில் குழந்தையின் படுக்கை நேர அழுகை. யாரும் எழுந்து போகக் கூடாது என்று முடிவெடுத்தோம். அழுகை குறையவில்லை, ஏறியது. விக்கல், இருமல் எல்லாம் சேர்ந்துகொண்டது. மாமனாருக்கு மனம் பொறுக்கவில்லை, கதவைத் திறந்துவிட்டார். அந்த நொடியே அழுகை நின்றது! மறுநாள் இரவு எடுத்த எடுப்பிலேயே அதே உச்சம். வேம்பு, அட்டை எனக்குச் சரியாகப் படவில்லை. நீட்டும்போதெல்லாம் ஓய்வு என்றால் எப்போது படிப்பான்?

ஊர்க்குருவி:
தூரிகை, அட்டையைக் குறை சொல்லாதீர்கள். நடத்தை ஆய்வாளர்கள் கார், டியூராண்ட் இருவரும் 1985-இல் காட்டியதே இதுதான். பிள்ளை முட்டி எதைப் பெறுகிறதோ, அதையே கேட்டுப் பெறக் கற்றுக்கொடுப்பது. அந்தப் பையனுக்கு மூலை தண்டனையே அல்ல. பிடிக்காத வேலை விலகுவதால் முட்டுவது வலுப்படுகிறது. அதற்கு எதிர்மறை வலுவூட்டல் என்று பெயர். இதைத் தண்டனையோடு குழப்பாதவர்களை நான் அரிதாகவே பார்க்கிறேன்.

என் தம்பியும் கைபேசிக்காகக் கத்துவான். அம்மா பெரும்பாலும் மறுப்பார், எப்போதாவது கொடுத்துவிடுவார். அந்த 'எப்போதாவது'தான் கத்தலை வளர்த்தது. இடைவிட்டுக் கிடைக்கும் பலன் நடத்தையை எவ்வளவு பிடிவாதமாக்கும் என்பதை உளவியலாளர்கள் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957-இலேயே விரிவாகப் பதிவு செய்துவிட்டார்கள். பலனை நிறுத்தினால் முதலில் சில நாள் கத்தலோ அழுகையோ கூடுவதும் உண்டு. மாமனார் கதவைத் திறந்தது சரியாக அந்த உச்சத்தில். தூரிகை, மறுபடி தொடங்குமுன் ஒரு வாரம் எழுதி வையுங்கள்: அழுகைக்கு முன் என்ன நடந்தது, பின் என்ன கிடைத்தது. மாமனாரையும் உட்கார வைத்துப் பேசுங்கள், அவர் சம்மதிக்காமல் தொடங்கவே வேண்டாம். இன்னொன்று, தலையை முட்டும் பிள்ளையிடம் இந்தக் 'கண்டுகொள்ளாமை'யை நிபுணர் துணையின்றி யாரும் முயலாதீர்கள். உச்சத்தில் காயம் படும்.

வேம்பு:
தூரிகை, அவன் படித்தான். அட்டைக்கு முன் ஒரு கணக்கு, பிறகு இரண்டு என்று மெல்லக் கூட்டினார்கள். முழுத் தாள் வரை போனதா தெரியாது, அதற்குள் நான் வேறு வேலைக்கு மாறிவிட்டேன்.