கண்மாய்த் தரை சர்வேயும் நீர்த்தாவர ஆய்வும்: மட்டங்கள் ஒத்துவரவில்லை

கரையோரன் (கேள்வி):
மதுரைக்கு மேற்கே சுமார் 60 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு பாசனக் கண்மாய். எந்தத் தாவரம் எந்த மட்டத்தில் வளர்கிறது, அந்த மட்டம் ஆண்டில் எத்தனை நாள் நீருக்குள் இருக்கிறது, இரண்டையும் இணைத்துப் பார்ப்பதுதான் ஆய்வு. கோடையில் காய்ந்த பகுதியை ஆர்.டி.கே. ரோவர் (செ.மீ. துல்லியத்தில் இடமும் உயரமும் தரும் செயற்கைக்கோள் கருவி) கொண்டு அளந்தாயிற்று. தை மாதத்தில் படகிலிருந்து 200 கிலோஹெர்ட்ஸ் எக்கோ சவுண்டர் (எதிரொலியால் ஆழம் அளக்கும் கருவி) ஓட்டியாயிற்று. நீரின் அழுத்தத்தை அளக்கும் மட்டப் பதிவி (லாகர்) ஒன்றும் போட்டிருக்கிறது.

மூன்று சிக்கல்கள். ஒன்று, பழைய ஆவணத்தில் கலிங்கு (உபரிநீர் வழியும் சுவர்) உச்சி 181 மீட்டர். ரோவர் 87 என்கிறது. இரண்டு, பாசி மண்டிய பகுதிகளில் கோடையில் எடுத்த தரைமட்டத்தைவிட எக்கோ சவுண்டர் 30 முதல் 60 செ.மீ. உயர்த்திக் காட்டுகிறது. மூன்று, மழையும் இல்லை, மடையும் திறக்கவில்லை; லாகரில் மட்டம் தினமும் 3–4 செ.மீ. ஏறி இறங்குகிறது. எதை நம்புவது?

ஆட்டோலெவல்:
முதல் சிக்கலில் பிழை எதுவும் இல்லை. ஜி.என்.எஸ்.எஸ். (செயற்கைக்கோள்) கருவி தருவது எலிப்சாய்டிலிருந்து, அதாவது பூமிக்குக் கணக்கில் வைத்த சற்றுத் தட்டையான கோள வடிவத்திலிருந்து, உயரம். ஆவணத்தில் இருப்பது கடல் மட்டத்திலிருந்து உயரம்; அந்தக் கடல் மட்டப் பரப்புக்குத்தான் ஜியாய்டு என்று பெயர். உலகிலேயே மிக ஆழமான ஜியாய்டு பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருப்பதால், தமிழ்நாட்டில் ஜியாய்டு எலிப்சாய்டுக்கு 85 முதல் 100 மீட்டர் வரை கீழே கிடக்கிறது. உங்கள் 94 மீட்டர் வித்தியாசம் அதற்குள் வருகிறது. ரோவரின் கன்ட்ரோலரில் இ.ஜி.எம்.2008 என்ற ஜியாய்டு கோப்பை ஏற்றினால் எண் ஒத்துவரும்.

அதோடு விட்டுவிடாதீர்கள். பழைய பாசன ஆவணங்களில் பல, உள்ளூரில் வைத்துக்கொண்ட மட்டத்தில் எழுதப்பட்டவை. கலிங்கு உச்சியையே உங்கள் தாய் மட்டமாக வையுங்கள். அங்கிருந்து மடையின் அடிமட்டம், அளவுகோல், லாகர் கட்டிய கம்பம், கரையின் இரு முனைகளிலும் சிமெண்டில் பதித்த தற்காலிக பெஞ்ச்மார்க் (மட்டக் குறி) எல்லாவற்றையும் ஆட்டோ லெவல் (மட்டம் பார்க்கும் தொலைநோக்கி) வைத்து அளந்து, சுற்றி வந்து தொடங்கிய புள்ளியிலேயே மூடுங்கள். மூடல் பிழை 12√கி.மீ. மில்லிமீட்டருக்குள், அதாவது 2 கி.மீ. சுற்றுக்கு 17 மி.மீ.க்குள் வர வேண்டும். அதைத் தாண்டினால் திரும்ப ஓட்ட வேண்டியதுதான்.

இவ்வளவு கறார் எதற்கு என்றால், கண்மாயின் தரைச் சரிவு 300-க்கு 1 என்று வைத்தாலே, மட்டத்தில் 5 செ.மீ. பிழை தரையில் 15 மீட்டர். கோரையும் அல்லியும் இடம் மாறிப்போகும். கிடைமட்டத்தில் ஒரு மீட்டர் தவறினாலும் இந்த ஆய்வு தாங்கும், செங்குத்தில் தாங்காது.

இன்னும் இரண்டு கண்ணிகள். பேஸை (ரோவருக்குத் திருத்தம் அனுப்பும் நிலையான கருவியை) ஒவ்வொரு நாளும் ‘இருக்கும் இடத்தையே எடுத்துக்கொள்’ என்று தொடங்கினால், அன்றன்றைய வேலை முழுவதும் ஓரிரு மீட்டர் நகர்ந்து உட்காரும். தெரிந்த புள்ளியின் எண்ணைக் கொடுத்தே தொடங்க வேண்டும். அடுத்து, 78 டிகிரி தீர்க்கரேகை மதுரைக்குச் சற்று மேற்கே போகிறது. அதற்குக் கிழக்கே யு.டி.எம். (வரைபட ஆயத்தொலை முறை) மண்டலம் 44, மேற்கே 43. ட்ரோன் படம் ஒரு மண்டலத்திலும் ரோவர் புள்ளிகள் இன்னொன்றிலும் கிடந்தால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று உட்காராது. ஏதாவது ஒன்றை முடிவுசெய்து எல்லாவற்றையும் அதற்கே மாற்றுங்கள்.

சேற்றுநண்டு:
இரண்டாவது சிக்கலுக்கு: எக்கோ சவுண்டர் பார்ப்பது தரையை அல்ல, ஹைட்ரில்லா பாசிப் புதரின் மேல்விளிம்பை. அதன் தண்டில் காற்று இருப்பதால் எதிரொலி பலமாக வருகிறது. கருவியின் தானியங்கி ஆழக் கணிப்பு அதையே தரை என்று பிடித்துக்கொள்கிறது. ஆழ எண்ணை மட்டும் சேமிக்காமல் மூல எக்கோகிராமையும் (எதிரொலிப் படத்தையும்) பதிவு செய்யுங்கள். கெய்னை (கருவியின் உணர்திறனை) குறைத்தால் பெரும்பாலும் இரண்டு கோடுகள் தெரியும்: மேலே பாசி, கீழே தரை. இரண்டையும் கையால் வரையுங்கள். இடைவெளிதான் பாசியின் உயரம். சர்வேயருக்கு அது குப்பை; உங்களுக்கு அதுதான் தரவு.

ஒலியின் வேகத்தைச் சந்தேகிக்க வேண்டாம். 30 டிகிரி நன்னீரில் அது நொடிக்கு 1509 மீட்டர். கருவி 1500 என்று வைத்திருந்தாலும் 2 மீட்டர் ஆழத்தில் பிழை ஒரு செ.மீ. சொச்சம்தான். சந்தேகிக்க வேண்டியவை வேறு. ட்ரான்ஸ்டியூசர் (ஒலியை அனுப்பி வாங்கும் முனை) நீருக்குள் எவ்வளவு மூழ்கியிருக்கிறது என்பதைப் படகில் ஆள் ஏறிய பிறகு அளந்தீர்களா? இருவர் இருந்த படகில் மூவர் ஏறினால் அது மாறும். ஜி.பி.எஸ்.சுக்கும் சவுண்டருக்கும் அரை நொடி தாமதம் இருந்து, படகு நொடிக்கு ஒரு மீட்டர் போனால், புள்ளி அரை மீட்டர் பின்தங்கும். ஒரே கோட்டில் போயும் வந்தும் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

அரை மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் சவுண்டரை நம்பவே வேண்டாம். ஸ்டாஃபின் (அளவுக் கம்பின்) அடியில் 15 செ.மீ. அகலத் தகடு பொருத்தி ஊன்றுங்கள். தகடில்லாத கம்பு சேற்றில் இறங்கி, ஆளுக்கு ஆள் வேறு எண் தரும். அதே இடத்தில் கூர்முனைக் கம்பியையும் கெட்டித் தரை தட்டும்வரை குத்தினால் வண்டலின் கனமும் கிடைக்கும். காய்ந்தால் சுருங்கி வெடிப்பதும் நனைந்தால் ஊதுவதும் களிமண்ணின் இயல்பு. ஆகவே கோடை மட்டத்துக்கும் தை மட்டத்துக்கும் கொஞ்சம் வித்தியாசம் நிஜமாகவே இருக்கும்.

கரைக்குச் செங்குத்தாக 25 மீட்டருக்கு ஒரு கோடு, குறுக்கே இரண்டு மூன்று கோடுகள் போதும். ஆனால் கரைக்காக மண் எடுத்த பள்ளங்கள் இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். கோடையில் கடைசியாக நீர் நிற்பதும் விராலும் குரவையும் ஒதுங்குவதும் அங்கேதான், ஆகவே பள்ளங்களைத் தனியாகச் சுற்றி அளக்க வேண்டும்.

மடைவாய்:
மூன்றாவது: காலை 10, இரவு 10 மணியை ஒட்டி உச்சமும், இரண்டு 4 மணிகளை ஒட்டித் தாழ்வும் வருகிறதா? அப்படியானால் அது நீரல்ல, வளிமண்டலம். வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் இப்படி 3–4 ஹெக்டோபாஸ்கல் ஏறி இறங்கும். ஒரு ஹெக்டோபாஸ்கல் ஏறத்தாழ ஒரு செ.மீ. நீர். உங்களுடையது காற்றோட்டக் குழாய் இல்லாத, காற்றழுத்தத்தையும் சேர்த்தே அளக்கும் லாகர் போலிருக்கிறது. இன்னொரு பதிவியைக் கரையில் நிழலில் தொங்கவிட்டு, அதன் அழுத்தத்தைக் கழியுங்கள். வாரம் ஒருமுறை அளவுகோலைக் கண்ணால் படித்து ஒப்பிட்டால், கம்பம் சேற்றில் இறங்குவதும் பிடிபடும்.

தாவரக் கட்டங்களைச் சம தூரத்தில் வைக்காதீர்கள். 25 செ.மீ. மட்டப் பட்டைகளாகப் பிரித்து, பட்டைக்குப் பத்து என ஒரு மீட்டர் சதுரங்களை வையுங்கள். பட்டைகளை மடையின் அடிமட்டத்திலிருந்து மேலும் கீழும் எண்ணுங்கள். அதற்குக் கீழே உள்ள நீர் பாசனத்துக்குப் போகாது, ஆவியாதலும் கசிவும்தான். அந்தக் கோட்டில் தாவரம் மாறுகிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது என்பேன். 20 செ.மீ. செக்கித் தட்டையும் (நீரின் தெளிவை அளக்கும் தட்டு) கூடவே இறக்குங்கள்: தட்டு 40 செ.மீ.யில் மறைந்தால் ஏறத்தாழ ஒரு மீட்டருக்குக் கீழே ஒளி ஒரு சதவீதமாகிவிடும். அங்கே பாசி இல்லாததற்கு மட்டம் காரணமல்ல, கலங்கல்தான்.

கரையோரன்:
நேரம் பார்த்தேன், 10 மணி உச்சம் அப்படியே இருக்கிறது. ஒன்று மிச்சம்: கண்மாய்க்குள் கருவேல மரக்கூட்டத்தில் ரோவர் ஃபிக்ஸ் ஆவதில்லை, அதாவது துல்லிய நிலை பிடிபடுவதில்லை. டோட்டல் ஸ்டேஷன் (ஒளிக்கற்றையால் கோணமும் தூரமும் அளக்கும் கருவி) வாடகைக்கு எடுக்க வேண்டுமா?

ஆட்டோலெவல்:
மரத்தடியில் ஃபிக்ஸ் ஆனாலும் நம்ப வேண்டாம். பொய் ஃபிக்ஸ் வரும். டோட்டல் ஸ்டேஷனும் கிளைகளுக்குள் பிரிசத்தை (ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடியை) தேடித் தேடி நாளைத் தின்னும். நீர் நிற்கும்போது காற்றில்லாத அதிகாலையில் போங்கள். நீர்ப்பரப்பைவிட நல்ல ரசமட்டம் கிடையாது. ஒவ்வொரு கட்டத்திலும் தகடு வைத்த ஸ்டாஃபில் ஆழத்தை மட்டும் படியுங்கள். அந்த நேரத்து அளவுகோல் மட்டத்திலிருந்து ஆழத்தைக் கழித்தால் தரைமட்டம். காற்று கிளம்பிவிட்டால் நிறுத்திவிடுங்கள். கண்மாய் முழுவதும் ஒரு பக்கமாகச் சாயும்.

மடைவாய்:
இதே முறையில் ±3 செ.மீ. கிடைத்தால் போதுமா என்று தயங்க வேண்டாம். மடை மூடியிருக்கும்போது நீர் நாளுக்கு ஒரு செ.மீ. இறங்குகிறது என்றால், ஒரு கட்டம் நீரை விட்டு வெளியே வரும் தேதியில் பிழை ±3 நாள். மடை திறந்திருக்கும்போது அதைவிடக் குறைவு. ஆடு மாடு மேய்ந்த கட்டங்களையும் வண்டல் அள்ளிய இடங்களையும் மட்டும் தனியாகக் குறித்து வையுங்கள். அங்கே எந்தத் தாவரம் இருக்கிறது என்பதை நீர் தீர்மானிக்கவில்லை.